கணினி கேள்வி–பதில்: எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி

வெளிநாட்டு ஆய்விதழ்களையும் நூல்களையும் பக்கம் அமைத்து, எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளை டேக் இட்டுக் குறிக்கும் வடிவம்) ஆக்கித் தரும் வேலை புதுச்சேரியில் பலருக்குப் பிழைப்பாக இருக்கிறது. ஆகவே இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த ஆவணங்களை வேறு வடிவுக்கு உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி பற்றியே கேட்டிருப்பதில் வியப்பில்லை. கடலூரிலிருந்தும் சில நல்ல கேள்விகள் வந்துள்ளன. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறோம். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். ஆனால் உங்கள் ஆவணத்தின் டேக் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். எக்ஸ்எம்எல் அதற்கு இடம் தருகிறது.

கேள்வி: ஆய்விதழ்க் கட்டுரைகளை எச்டிஎம்எல்லாக மாற்றும் பிரிவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். கட்டுரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் எடுப்பதற்காக இரண்டே டெம்ப்ளேட்டுகளை (உருமாற்ற விதிகளை) எழுதினேன். வெளியீட்டிலோ ஆசிரியர் முகவரி, நன்றியுரை, மேற்கோள் பட்டியல் என்று நான் கேட்காதவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து விழுகின்றன. நான் எழுதாத வேலையை உருமாற்றும் செயலி ஏன் செய்கிறது?
— வாசகர், லாஸ்பேட்டை

பதில்: நீங்கள் எழுதாத டெம்ப்ளேட்டுகளும் உங்கள் ஸ்டைல்ஷீட்டில், அதாவது டெம்ப்ளேட்டுகளைக் கொண்ட கோப்பில், இருக்கின்றன என்பதுதான் காரணம். எக்ஸ்எஸ்எல்டி வரையறையிலேயே சில உள்ளமைந்த விதிகள் உண்டு. ஒரு கூறுக்கு (தொடக்க டேக் முதல் முடிவு டேக் வரையுள்ள பகுதிக்கு) நீங்கள் டெம்ப்ளேட் எழுதவில்லை என்றால், செயலி அந்தக் கூறைத் தாண்டி அதன் பிள்ளைகளிடம் செல்லும். ஓர் உரை முனையை (டேக்குகளுக்கு நடுவே உள்ள உரைத் துண்டை) அடைந்து, அதற்கும் நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றால், அந்த உரையை அப்படியே வெளியீட்டில் எழுதிவிடும். குறிப்புரைகளையும் செயலிக்கான கட்டளைகளையும் மட்டும் பேசாமல் விட்டுவிடும். வெறும் ஸ்டைல்ஷீட் ஒன்றை, உள்ளே ஒரு டெம்ப்ளேட்டும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். கட்டுரையின் முழு உரையும் டேக் நீங்கி வெளியே வரும். உங்களுக்கு நேர்ந்தது அதுவே.

தீர்வுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஆவணத்தின் உச்சியான வேர் முனைக்கு ஒரு டெம்ப்ளேட் எழுதி, அதில் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் கட்டளையின் செலக்ட் பண்பில் (டேக்குக்குள் பெயரும் மதிப்புமாக எழுதுவது பண்பு) தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் சுட்டுவது முதல் வழி. வேண்டாத கூறுகளுக்கு உள்ளே எதுவும் இல்லாத வெற்று டெம்ப்ளேட் எழுதி அவற்றை அடக்குவது இரண்டாவது வழி. எக்ஸ்எஸ்எல்டியின் 3.0 பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு இன்னும் எளிது: மோட் கட்டளையில் ஆன்-நோ-மேட்ச் என்ற பண்புக்கு ஷாலோ-ஸ்கிப் என்று மதிப்பளித்தால், டெம்ப்ளேட் இல்லாத எதுவும் வெளியே வராது. அதே பண்புக்கு ஷாலோ-காப்பி என்று தந்தால் நேரெதிராக, நீங்கள் தொடாதவை அனைத்தும் டேக்குகளோடு அப்படியே படியெடுக்கப்படும். ஆயிரம் வரிக் கோப்பில் ஒரே ஒரு பண்பை மட்டும் திருத்த வேண்டிய வேலைகளுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இதைப் படித்துவிட்டு, உள்ளமைந்த விதிகளே வேண்டாம், வேர் முனையில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஃபார்-ஈச் கட்டளைகளாலேயே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வேறு மொழிகளில் நிரல் எழுதிப் பழகியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். ஆய்விதழ் வேலையில் அது விரைவிலேயே முறிகிறது. ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: <பத்தி>இந்த நுண்ணுயிர் <சாய்வு>பேசில்லஸ்</சாய்வு> இனத்தைச் சேர்ந்தது<சுட்டு>4</சுட்டு>.</பத்தி> உரையை மட்டும் எடுக்கும் வேல்யூ-ஆஃப் கட்டளையால் இந்தப் பத்தியை எடுத்தால் சாய்வெழுத்தும் மேற்கோள் எண்ணின் இணைப்பும் போய்விடும். "சேர்ந்தது4" என்று எண் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பத்திக்குள் சாய்வு எங்கே வரும், சுட்டு எத்தனை வரும் என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. பத்திக்கு ஒரு டெம்ப்ளேட், சாய்வுக்கு ஒன்று, சுட்டுக்கு ஒன்று என எழுதி, ஒவ்வொன்றின் உள்ளேயும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் என்று மட்டும் சொல்லிவிட்டால், ஆவணம் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே செயலி நடந்துகொள்ளும். உங்களுக்குத் தொல்லை தந்த அதே உள்ளமைந்த விதி இங்கே உங்களுக்காக உழைக்கிறது. ஆவணம் மரமாக இருக்கிறது, கிளைக்குக் கிளை விதி மட்டுமே நாம் தருகிறோம் என்ற எண்ணம் பதிந்துவிட்டால் இந்த மொழியில் பாதிச் சிக்கல்கள் எழுவதே இல்லை.

கேள்வி: பல ஆண்டுகளாக ஜேட்ஸ் (ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்புகளுக்கு ஸ்டைல்ஷீட் எழுதி வருகிறேன். புதிய வாடிக்கையாளர் டாக்புக் 5 (தொழில்நுட்ப நூல்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்புகளை அனுப்பியுள்ளார். டேக் பெயரை எழுத்துப் பிசகாமல் தந்தும் ஒரு டெம்ப்ளேட்கூடப் பொருந்தவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.
— வாசகர், ரெட்டியார்பாளையம்

பதில்: கோப்பின் முதல் கூறைத் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்எம்எல்என்எஸ் என்று தொடங்கும் ஒரு பண்பும், அதன் மதிப்பாக ஓர் இணைய முகவரியும் இருக்கும். அது நேம்ஸ்பேஸ் அறிவிப்பு, அதாவது டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்வது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கூறின் முழுப்பெயரிலும் அந்த முகவரி அடக்கம். நீங்கள் மேட்ச் பண்பில் முன்னொட்டு இல்லாமல் எழுதிய பெயரோ, எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத கூறையே குறிக்கும். ஸ்டைல்ஷீட்டின் தலையிலும் அதே எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவிப்பை ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் முயல்கிறார்கள். ஆவணத்தின் பகுதிகளைச் சுட்டும் எக்ஸ்பாத் தொடர்களை அது தொடுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டைல்ஷீட்டின் முதல் கூறில் அதே முகவரிக்கு ஏதேனும் ஒரு முன்னொட்டை அறிவித்து, எல்லா மேட்ச், செலக்ட் பண்புகளிலும் அந்த முன்னொட்டோடு பெயரை எழுத வேண்டும். முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இறுதியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் பொருந்தாது. 2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்ற பண்பில் ஒரே ஒரு முறை முகவரியைத் தந்துவிட்டு முன்னொட்டே இல்லாமல் எழுதலாம். வெளியீட்டில் தேவையற்ற நேம்ஸ்பேஸ் அறிவிப்புகள் தொற்றிக்கொண்டால் எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-பிரிஃபிக்ஸஸ் பண்பு அவற்றை நீக்கும்.

ஜேட்ஸில் இத்தனை காலம் இது உங்களைத் தீண்டாததற்குக் காரணம், ஜேட்ஸின் சொந்தக் கூறுகள் எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லை என்பதே. அதனுள் வரும் கணிதச் சமன்பாடுகளுக்கு, அதாவது மேத்எம்எல் கூறுகளுக்கு நேம்ஸ்பேஸ் உண்டு. டாக்புக்கும் 4-ஆம் பதிப்பு வரை நேம்ஸ்பேஸ் இன்றியே இருந்தது, 5-இல்தான் வந்தது. பழைய டாக்புக் ஸ்டைல்ஷீட்டுகளைப் புதிய கோப்புகளுக்கு அப்படியே ஓட்டக்கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் தமிழ் நூல் பட்டியலை எக்ஸ்எம்எல்லில் தொகுத்திருக்கிறோம். நூலாசிரியர் வாரியாகப் பிரித்து, அகர வரிசையில் அச்சிட வேண்டும். சார்ட் கட்டளை தரும் வரிசை தமிழ் அகராதி வரிசையாக இல்லை. தவிர, ஒரே ஆசிரியரின் பெயர் இரண்டு இடங்களில் தனித்தனித் தலைப்பாக வருகிறது. எழுத்தை எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தும் வேறுபாடு தெரியவில்லை.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: தமிழில் பட்டியல் போடும் ஒவ்வொருவரும் சந்திக்க வேண்டிய கேள்வி இது, ஆகவே விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வரிசை. மொழி எதுவென்று சொல்லப்படாதபோது, செயலிகள் பொதுவாக யூனிகோட் குறியெண்களின் வரிசையிலேயே சொற்களை அடுக்குகின்றன. யூனிகோடில் தமிழ் மெய்கள் அமர்ந்திருக்கும் வரிசை நெடுங்கணக்கு வரிசை அன்று. அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று வருகின்றன. ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே நுழைந்திருக்கிறது. ஆகவே "மரம்" என்ற சொல்லுக்கு முன்னால் "மனம்" வந்துவிடும். நம் அகராதியிலோ ர முந்தியது, ன கடைசி.

இதைவிடப் பெரிய தொல்லை புள்ளியால் வருகிறது. யூனிகோடில் க் என்பது க என்னும் எழுத்தும் அதன்பின் ஒரு புள்ளியுமாக இரண்டு குறிகளால் ஆனது. அந்தப் புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளையும்விடப் பெரியது. அதனால் மெய்யெழுத்து, உயிர்மெய்கள் அனைத்துக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. உங்கள் மாவட்டத்து ஊர்ப் பெயர்களிலேயே பாருங்கள்: "பண்ருட்டி", "பணிக்கன்குப்பம்" ஆகிய இரண்டில் அகராதி முறைப்படி ண் முந்த வேண்டும், ணி பிந்த வேண்டும். கணினி பணிக்கன்குப்பத்தை முதலில் வைக்கிறது.

முறையான தீர்வு, மொழியைச் சொல்லி ஒப்பிடச் செய்வது. சார்ட் கட்டளையில் லாங் என்ற பண்பு இருக்கிறது. அதில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியைத் தரலாம். ஆனால் அதை மதிப்பதும் விடுவதும் செயலியின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. 3.0 பதிப்பில் யூசிஏ எனப்படும் யூனிகோட் ஒப்பீட்டு முறையைக் கொலேஷன் பண்பில் மொழிக் குறியோடு குறிப்பிடலாம். செயலியோடு ஐசியு என்ற நிரல் நூலகம் இணைந்திருந்தால் அது தமிழ் வரிசையை, புள்ளி உட்பட, சரியாகவே தருகிறது.

அந்த வசதி இல்லாத, பழைய 1.0 செயலி மட்டுமே கையில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுவே. எக்ஸ்பாத்தில் டிரான்ஸ்லேட் என்றொரு செயல்கூறு இருக்கிறது; ஒரு தொடரில் உள்ள எழுத்துகளை மற்றொரு தொடரில் அதே இடத்தில் உள்ள எழுத்துகளாக மாற்றுவது அதன் வேலை. ந-வுக்குப் பின்வரும் பத்து மெய்கள் நெடுங்கணக்கில் "பமயரலவழளறன" என்ற வரிசையில் உள்ளன. அதே பத்து எழுத்துகளும் யூனிகோடில் "னபமயரறலளழவ" என்ற வரிசையில் உள்ளன. முதல் தொடரை இரண்டாவது தொடராக மாற்றினால், ப-வுக்கு ன-வின் எண்ணும், ம-வுக்கு ப-வின் எண்ணும், கடைசியாக ன-வுக்கு வ-வின் எண்ணும் கிடைக்கும்; எண் வரிசையே நெடுங்கணக்கு வரிசையாகிவிடும். அதே கட்டளையில் புள்ளியைச் சுழியம் போன்ற சிறிய எண்ணுள்ள ஏதேனும் ஒரு குறியாக மாற்றிவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வந்துவிடும். ஜ-வை ஶ-வின் இடத்துக்கு அனுப்பினால் ஷ, ஸ, ஹ ஆகியவற்றோடு கடைசியில் சேர்ந்துகொள்ளும். இந்த மாற்றத்தைச் சார்ட் கட்டளையின் செலக்ட் பண்பில் மட்டும் எழுத வேண்டும். லாங் பண்பு தர வேண்டாம். மாற்றிய உரு வரிசைப்படுத்துவதற்கு மட்டுமே பயன்படும். அச்சில் உங்கள் பெயர்கள் மாறாமல் அப்படியே இருக்கும்.

இனி இரட்டைத் தலைப்பு. "கொ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரத்துக்குரிய ஒரே குறி என்பது ஒரு விதம். க-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பு, அதன்பின் துணைக்கால் என இரண்டு குறிகள் என்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். பட்டியலைப் பலர் பல விசைப்பலகை மென்பொருள்களில் தட்டச்சு செய்திருந்தால் இந்தக் கலப்பு நேரும். 2.0 பதிப்பிலிருந்து கிடைக்கும் நார்மலைஸ்-யூனிகோட் என்ற செயல்கூறு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். அதோடு நார்மலைஸ்-ஸ்பேஸ் சேர்த்தால் பெயரின் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடங்களும் போய்விடும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்போடு ள என்ற எழுத்தையே தட்டியிருந்தால் மட்டும் எந்தச் செயல்கூறும் உதவாது. "கௌ", "கெள" இரண்டையும் தேடிக் கையால் திருத்துவதே வழி.

குழுவாக்குவதற்கு 2.0 பதிப்பின் ஃபார்-ஈச்-குரூப் கட்டளை போதும். குரூப்-பை பண்பில் மேலே சொன்ன இரண்டு செயல்கூறுகளும் சூழ்ந்த ஆசிரியர் பெயரைத் தந்து, உள்ளே கரண்ட்-குரூப்பிங்-கீ மூலம் தலைப்பையும் கரண்ட்-குரூப் மூலம் நூல்களையும் எடுக்கலாம். 1.0 பதிப்பில் இக்கட்டளை கிடையாது. அங்கே ஸ்டீவ் மூன்ச் என்பவர் வகுத்த, அவர் பெயராலேயே வழங்கும் முறையைப் பின்பற்ற வேண்டும்: ஆசிரியர் பெயரைக் கொண்டு ஒரு கீ அமைத்து, ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கீ தரும் முதல் நூலை மட்டும் ஜெனரேட்-ஐடி மூலம் அடையாளம் கண்டு, அதை வைத்துத் தலைப்பை எழுதுவது. நுட்பமான முறைதான், ஆனால் இன்று புதிதாகத் தொடங்குபவர் அதைக் கற்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு மாணவன். எக்ஸ்எஸ்எல்டி பழையது, இனி எதற்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கற்கலாமா? எந்தப் பதிப்பு?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த 1.0 பதிப்பு 1999 நவம்பரில் வந்தது. எக்ஸ்எம்எல் வந்தது அதற்கு முந்தைய ஆண்டில். மைக்கேல் கே தொகுத்த 2.0 பதிப்பு 2007-இலும் 3.0 பதிப்பு 2017-இலும் இணையத் தர அமைப்பான டபிள்யு3சியின் பரிந்துரைகளாயின. உங்கள் நண்பர்கள் பார்த்தது பெரும்பாலும் 1.0 ஆக இருக்கும். 3.0 பதிப்பில் பெரிய கோப்புகளை முழுமையாக நினைவகத்தில் ஏற்றாமல் ஓடவிட்டு மாற்றலாம், ஜேசான் என்னும் தரவு வடிவையும் கையாளலாம். சாக்ஸன் செயலியின் எச்இ பதிப்பு திறமூலமாகக் கிடைக்கிறது, அதில் 3.0-ஐயே நேரடியாகக் கற்றுக்கொள்ளுங்கள். லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கருவி எளிதில் கிடைக்கும், விரைவாகவும் ஓடும். ஆனால் அது 1.0-ஐ மட்டுமே அறியும் என்பதால் புத்தகத்தில் பார்த்த கட்டளை வேலை செய்யவில்லை என்று குழம்ப நேரிடும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, கைப்பேசிச் செயலி, இணைய வணிகம் போன்ற துறைகளில் இதைக் கேட்க மாட்டார்கள். ஆய்விதழ், நூல், சட்ட ஆவணம், தொழில்நுட்பக் கையேடு ஆகியவற்றை வெளியிடும் துறைகளில் இது அன்றாடக் கருவி. ஜேட்ஸ் 2012-இல் அமெரிக்கத் தர நிர்ணயமாக அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் ஆய்விதழ்கள் அந்த வடிவில் காப்பகங்களுக்குச் செல்கின்றன. அந்த வேலையின் கணிசமான பகுதி உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சென்று வரும் தொலைவில் நடக்கிறது. கற்றவர்கள் குறைவு என்பதும் உங்களுக்குச் சாதகமே.

கேள்வி: தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் இருந்த ஓர் ஓலைச்சுவடியின் செய்யுள்களைப் பாடபேதங்களோடு டிஇஐ முறையில் எக்ஸ்எம்எல் ஆக்கி வருகிறேன். எச்டிஎம்எல்லாக மாற்றும்போது ஓர் அடியின் சீர்கள் எல்லாம் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்கின்றன. பாடபேதங்களைப் பக்கத்தின் அடியில் தனியாகக் கொண்டுவரவும் தெரியவில்லை.
— வாசகர், வில்லியனூர்

பதில்: உங்கள் முயற்சியை மனமார வரவேற்கிறேன். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சேர்ந்துள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தகைய பெருந்தொகுப்புகளுக்கு வெளியே வீடுகளில் எஞ்சியிருக்கும் ஏடுகளை உரியவரே பதிப்பிக்க முன்வருவது அரிது. அதுவும், உரைகளைக் குறியிடுவதற்காக அறிஞர்கள் 1987 முதல் வளர்த்துவரும் டிஇஐ நெறியைத் தேர்ந்திருக்கிறீர்கள். வேறு எந்த ஆய்வாளரும் உங்கள் கோப்பைப் பிறகு பயன்படுத்திக்கொள்ள முடியும்.

சீர்கள் ஒட்டுவதற்கான காரணம் அநேகமாக உங்கள் ஸ்டைல்ஷீட்டின் தொடக்கத்தில் இருக்கும். ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் என்ற கட்டளையில் எல்லாக் கூறுகளையும் குறிக்கும் உடுக்குறி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதிரி ஸ்டைல்ஷீட்டுகள் பலவற்றில் அந்த வரி இருக்கிறது. வெற்றிடம் மட்டுமே கொண்ட உரை முனைகளை ஆவணத்திலிருந்து நீக்கச் சொல்லும் கட்டளை அது. பட்டியல், அட்டவணை போன்றவற்றில் இதனால் நன்மையே. ஆனால் உங்கள் அடி இப்படி இருக்கிறது: <அடி><சீர்>…</சீர்> <சீர்>…</சீர்></அடி>. இரண்டு சீர்களுக்கு நடுவில் இருக்கும் ஒற்றை வெற்றிடமும் வெற்றிடம் மட்டுமே கொண்ட ஓர் உரை முனைதான். அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த வரியை விட்டுவைத்து, பிரிசர்வ்-ஸ்பேஸ் கட்டளையில் அடிக்குரிய கூறை மட்டும் குறிப்பிட்டால் போதும். டிஇஐ கூறுகளுக்கு நேம்ஸ்பேஸ் உண்டு என்பதால் அதை முன்னொட்டோடு எழுத வேண்டும். வெளியீட்டைத் தானாக உள்தள்ளி அழகுபடுத்தும் இன்டென்ட் பண்பையும் செய்யுளுக்கு நிறுத்திவிடுங்கள். அது இல்லாத இடத்தில் இடைவெளியைப் புகுத்தக்கூடும். ஸ்டைல்ஷீட்டுக்குள் நீங்களே இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி வேண்டுமென்றால் அதை டெக்ஸ்ட் என்ற கட்டளைக்குள் எழுத வேண்டும்; வெறுமனே விட்ட இடைவெளி நிற்காது.

பாடபேதத்துக்கு மோட் என்ற வசதி இருக்கிறது. டிஇஐயில் ஆப் என்ற கூறுக்குள் நீங்கள் ஏற்ற பாடம் லெம் என்ற கூறிலும், மற்ற ஏடுகளின் பாடங்கள் ஆர்டிஜி என்ற கூறுகளிலும் இருக்கும். ஆப் கூறுக்கு இரண்டு டெம்ப்ளேட்டுகள் எழுதுங்கள். முதலாவதில் மோட் இல்லை. அது லெம் உள்ளடக்கத்தை மட்டும் அடியில் எழுதி, அருகே ஒரு குறியெண் இடும். இரண்டாவதற்கு 'அடிக்குறிப்பு' என்று மோட் பெயர் தாருங்கள். அது அதே குறியெண்ணோடு ஆர்டிஜி பாடங்களையும் அவற்றின் விட் பண்பில் உள்ள ஏட்டின் குறியீட்டையும் எழுதும். பாடலுக்குரிய டெம்ப்ளேட்டில் முதலில் அடிகளுக்கு அப்ளை-டெம்ப்ளேட்ஸ் சொல்லி, அதன் கீழே அந்தப் பாடலுக்குள் இருக்கும் ஆப் கூறுகள் அனைத்தையும் தேர்ந்து அதே கட்டளையை 'அடிக்குறிப்பு' மோடில் மீண்டும் சொன்னால் வேலை முடிந்தது. ஒரே ஏட்டுச் செய்தி மூல பாடத்தில் ஒரு முகமும் அடிக்குறிப்பில் மற்றொரு முகமும் காட்டும். மூலக் கோப்பில் எதையும் இருமுறை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. நாளை வேறொரு பாடமே சிறந்தது என்று தோன்றினால், லெம்மை மாற்றி ஒரு முறை ஓட்டினால் பதிப்பு முழுவதும் திருந்திவிடும்.

கேள்வி: கணக்கு அறிக்கையில் 1234567 என்ற தொகை 1,234,567 என்று வருகிறது. 12,34,567 என்று வரவழைப்பது எப்படி?
— வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: 2.0 முதல், ஃபார்மட்-நம்பர் செயல்கூறின் வடிவத்தில் காற்புள்ளிகளை லட்சம், கோடி இடங்களில் வைத்து '##,##,##,##0' என்று எழுதினாலே போதும். வைத்த இடத்தில் மட்டும் காற்புள்ளி வரும். 1.0 பதிப்பு வலக்கோடிக் காற்புள்ளியின் இடைவெளியையே எங்கும் பின்பற்றுவதால், தொகை ஆயிரமோ அதற்கு மேலோ இருந்தால், ஆயிரத்தால் வகுத்த முழு எண்ணை '#,##' என்ற வடிவிலும் மீதியை '000' என்ற வடிவிலும் எழுதி, நடுவில் ஒரு காற்புள்ளியோடு இணையுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் இணையதளத்தில் எக்ஸ்எம்எல் கோப்பையே வைத்து, உலாவி எக்ஸ்எஸ்எல்டி கொண்டு அதைக் காட்டும்படி அமைத்திருக்கிறோம். இது இனி வேலை செய்யாது என்கிறார்களே?
— வாசகர், பாகூர்

பதில்: கேள்விப்பட்டது சரிதான். உலாவிகள் தமக்குள் வைத்திருப்பது 1999-ஆம் ஆண்டின் 1.0 பதிப்பு மட்டுமே, 2.0-ஐ எந்தப் பெரிய உலாவியும் ஏற்கவில்லை. பழைய நிரல் நூலகத்தைப் பேணுவதில் உள்ள பாதுகாப்புச் சிக்கல்களைக் காட்டி, அந்த வசதியை நீக்கப்போவதாகக் குரோம் உலாவியை உருவாக்குவோர் 2025-இல் அறிவித்தனர். நீக்கப்படுவது உலாவிக்குள் இருக்கும் செயலி. எக்ஸ்எஸ்எல்டி மொழிக்கும், உங்கள் கணினியில் ஓடும் சாக்ஸன் போன்றவற்றுக்கும் இதனால் எதுவும் நேராது.

உங்கள் தளத்துக்கு ஏற்றது, எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தும்போதெல்லாம் உங்கள் கணினியிலேயே ஒருமுறை உருமாற்றி, கிடைக்கும் எச்டிஎம்எல் பக்கத்தைத் தளத்தில் ஏற்றிவிடுவது. ஸ்டைல்ஷீட்டை மாற்ற வேண்டியதில்லை. பக்கம் திறக்கும் வேகமும் கூடும். பார்ப்பவரின் உலாவியிலேயே உருமாற்றம் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் சாக்ஸன்ஜேஎஸ் என்ற நூலகத்தைப் பாருங்கள்; அது ஜாவாஸ்கிரிப்டில் 3.0-ஐ ஓட்டுகிறது. அறிவிப்பு வந்துவிட்டதால் தள்ளிப்போடாமல் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: இயல் வாரியாக அடிக்குறிப்புகளுக்கு எண் இட வேண்டும். வேரியபிள் ஒன்றை வைத்து ஃபார்-ஈச் சுற்றுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டினால் எல்லாவற்றுக்கும் 1 என்றே வருகிறது. பொசிஷன் பயன்படுத்தினால் 2, 4, 6 என்று வருகிறது. எண்களைத் தமிழ் இலக்கங்களில் தர முடியுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: எக்ஸ்எஸ்எல்டியில் வேரியபிளுக்கு ஒருமுறை தந்த மதிப்பு மாறாது. சுற்றுக்குள் நீங்கள் கூட்டுவது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் வேறொரு வேரியபிள். ஆகவே 1-ஐத் தாண்டாது. பொசிஷன் இரட்டைப்படையில் வருவதற்குக் காரணம், செலக்ட் இல்லாமல் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் எழுதியதே: கூறுகளுக்கு நடுவே உள்ள வரி முறிவுகளும் முனைகளாக எண்ணப்பட்டு ஒற்றைப்படை இடங்களை எடுத்துக்கொள்கின்றன. செலக்ட் பண்பில் கூறின் பெயரைத் தந்தால் 1, 2, 3 என்று வரும்.

ஆனால் உங்கள் தேவைக்கு உரியது நம்பர் என்ற கட்டளை. அடிக்குறிப்பின் டெம்ப்ளேட்டுக்குள் லெவல் பண்புக்கு எனி என்றும், ஃப்ரம் பண்புக்கு <இயல்> கூறின் பெயரையும் தந்தால், குறிப்பு எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் இயலின் தொடக்கத்திலிருந்து எண்ணி, அடுத்த இயலில் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஃபார்மட் பண்பில் 1 என்பதற்குப் பதிலாக ௧ என்று எழுதுங்கள். கடைசி எழுத்து எந்த எழுத்துமுறையின் ஒன்றாம் இலக்கமாக இருந்தாலும் அந்த இலக்கங்களிலேயே எண்ண வேண்டும் என்பது வரையறை. ௧, ௨, ௩ என்று ஒழுங்காக வந்து, பத்துக்கு ௧௦ என்று இடமதிப்பு முறையில் எழுதப்படும். பழைய ஏட்டு முறைப்படி ௰ வேண்டுமென்றால், நம்பர் கட்டளையின் விளைவை ஃபார்மட் இல்லாமல் ஒரு வேரியபிளில் பிடித்து, பத்தால் வகுத்த ஈவு ஒன்றுக்கு மேற்பட்டால் அந்த ஈவின் இலக்கம், ஈவு சுழியமாக இல்லாவிட்டால் ௰, மீதி இருந்தால் மீதியின் இலக்கம் என மூன்று துண்டுகளாக எழுதுங்கள். 10 என்பது ௰, 11 என்பது ௰௧, 23 என்பது ௨௰௩ என அமையும். நூறு குறிப்புகளுக்கு மேல் போகும் இயல் இருந்தால் ௱ என்ற குறிக்கும் அதேபோல ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும்.